சேரும் இடத்து எழுத்து

வாணியம்பாடியிலிருந்து ஆம்பூருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், காலை வேளையில், கைப்பேசியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள், யாரையோ திட்டி மெசேஜ் அனுப்புகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். என் முகம் அப்படி. உண்மையில் நான் ஏபிசிடி எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டிருந்தேன் என்பதும் சரியில்லை, கைப்பேசியை எழுத வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றே மூன்று வரி புரோகிராம். பொத்தானைத் தொட்டால் முதல் வரியில் A, அடுத்ததில் AB, அதற்கடுத்ததில் ABC என்று எழுத்துகள் படிக்கட்டாக இறங்கி வரும்.

விண்ணமங்கலத்தில் ஏறி என் பக்கத்தில் உட்காருகிறவள் முதல் நாளே எட்டிப் பார்த்துவிட்டாள்.

“இன்னாடி இது, புள்ளையோட ஹோம்வொர்க்கா?”

“இல்ல. என்னோடது.”

“டிகிரி முடிச்சேன்னு சொன்ன? ஏபிசிடிக்கே இப்பதான் வந்திருக்கியா?”

பின் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் அவளிடம் கோபித்துக்கொண்டு என்னால் ஒரு நிறுத்தம்கூடத் தாங்க முடியாது. ஒன்பது வருடமாகப் பக்கத்துப் பக்கத்து சீட்.

நாங்கள் இருவரும் ஒரே வயது, ஒரே ஷூ கம்பெனி, ஒரே க்ளோசிங் செக்‌ஷன். ஷூவின் மேல்தோலைத் துண்டு துண்டாகச் சேர்த்துத் தைக்கும் இடம் அது. அவள் மிஷினில் இருந்தாள். மூக்குப்பக்கத் தோலையும் பக்கத்தோலையும் சேர்த்துத் தைப்பது அவள் வேலை. நான் செக்கிங் டேபிள். தைத்து வந்த இடது காலையும் வலது காலையும் அருகருகே வைத்து, தையல் ஒரே இடத்தில் ஆரம்பித்து ஒரே இடத்தில் முடிகிறதா, உயரம் ஒன்றா, நிறம் ஒன்றா என்று பார்த்து ஜோடி கட்ட வேண்டும். ஒன்றில் தையல் ஒரு நூல் ஏறியிருந்தாலும் ரிஜெக்ட். அத்தனை வருடம் ஜோடி பார்த்த கண் எனக்கு. கல்யாண மேடையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்தாலும் இரண்டு பேரின் தோளும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

என் டேபிளுக்கு அடுத்த டேபிளில் சொல்யூஷன் தடவுவார்கள். அந்தப் பசையின் வாடை சிலருக்குப் பழகிவிடும். எனக்குப் பழகவில்லை. மத்தியானம் ஆனால் இடது நெற்றியில் ஆரம்பிக்கும் வலி, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் காரணமில்லாமல் அடிக்கும்வரை போகாது. அந்த வாடையிலிருந்து தள்ளி இருங்கள் என்று டாக்டர் சொன்னார். தள்ளி இருப்பது என்றால் எங்கள் பக்கத்தில் வேலையை விடுவது என்று அர்த்தம். வேலையை விட்டால் வீடு நடக்காது. டாக்டருக்கு அதெல்லாம் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் மாடியில் பேட்டர்ன் ரூமில் ஒரு சீட் காலியானது. கண்ணாடிக் கதவு போட்ட, ஏசி வைத்த அறை. ஷூவின் துண்டுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, சைஸுக்குத் தகுந்தபடி பெரிதாக்கிச் சிறிதாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எழுத்துப் போட்டு லேபிள் அடிப்பார்கள். லேபிள் அடிக்கிற சின்னச் சின்னப் புரோகிராம்களை எழுதி வைத்திருந்த ஆள் சென்னைக்குப் போய்விட்டான். கீழே இருப்பவர்களில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் யாராவது இருந்தால் வரலாம், ஒரு மாதம் கழித்து ஒரு சின்ன டெஸ்ட் வைப்பேன் என்று அந்த ரூமின் சார் சொல்லி அனுப்பினார். எங்கள் செக்‌ஷனில் கை தூக்கியவள் நான் ஒருத்திதான்.

கை தூக்கிவிட்டேனே தவிர, என் டிகிரியின் லட்சணம் எனக்குத்தான் தெரியும். காலேஜில் பத்துப் புரோகிராம்களை மனப்பாடம் செய்தோம். லேப் பரீட்சையில் சீட்டு எடுத்து, எந்த நம்பர் வருகிறதோ அதைக் கக்கிவிட்டு வருவோம். எனக்கு வந்தது எழுத்துப் படிக்கட்டு. ஒரு புள்ளிகூடப் பிசகாமல் அடித்தேன். வெளியிலிருந்து வந்திருந்த மேடம் திரையைக் காட்டி, “இங்க அறுபத்தஞ்சுன்னு எழுதியிருக்கியே, எதுக்கு?” என்றார். “புக்ல அப்படித்தான் மேடம் இருக்குது” என்றேன். அவர் அப்படியே மார்க் போட்டுவிட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். திட்டாததால் அந்த அறுபத்தைந்து பத்து வருடமாக எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

அதனால் இந்த முறை ஒரு முடிவு செய்தேன். எது வந்தாலும் விடையைத் தேடிப் பார்க்கக் கூடாது. நெட்டில் எல்லாம் இருக்கிறது என்று தெரியும். பார்த்தால் மறுபடியும் மனப்பாடம் செய்துவிடுவேன் என்றும் தெரியும். என்னை நான் நம்பவில்லை.

அறுபத்தைந்தின் கதை முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். A என்றால் அதற்கு அறுபத்தைந்து, B என்றால் அறுபத்தாறு. அவ்வளவுதான் விஷயம். இதற்கா பத்து வருடம் என்று எனக்கே சிரிப்பு வந்தது. அறுபத்தைந்தைத் தொண்ணூற்றேழாக மாற்றினேன், எல்லாம் சின்ன எழுத்தாக வந்தது. அப்படியானால் நம் அ எங்கே இருக்கும்? கைப்பேசியையே கேட்டேன். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது என்றது. அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறதே என்று அங்கிருந்து வரிசையாக அடிக்கச் சொன்னேன். அ ஆ இ ஈ உ ஊ வந்தது. அதற்குப் பிறகு மூன்று வெறும் கட்டங்கள். பிறகுதான் எ ஏ ஐ. மறுபடி ஒரு கட்டம். ஒ ஓ ஔ. க வந்த பிறகு இன்னும் மூன்று கட்டங்கள்.

நான் ஏதோ உடைத்துவிட்டேன் என்று பயந்து பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினேன்.

“உடைக்கல. சீட்ல துண்டு போட்டு வெச்சிருக்கானுங்க,” என்றாள். “யாரோ வரப் போறாங்க போல.”

அன்றிலிருந்து அவளுக்கும் பிடித்துக்கொண்டது. பத்தாவதோடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்துகளைப் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட எங்கள் செக்‌ஷனில் படித்ததுதான் ஜாஸ்தி. A என்றால் மூக்குத் தோல், B என்றால் பக்கத்தோல், C என்றால் நாக்கு என்றுதான் அவளுக்கு மனதில் ஓடும். பஸ்ஸில் ஏறியதும் கையை நீட்டுவாள், “இன்னிக்கி இன்னா வருது, காட்டு” என்று. எண்ணை மாற்றச் சொல்வாள். மாற்றினால் என்ன வரும் என்று முன்கூட்டியே பந்தயம் கட்டுவாள். பாதி நாள் தோற்பாள். தோற்றால் ஏன் என்று கேட்டு உயிரை எடுப்பாள். அந்த ஏனுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது.

மூன்றாவது வாரம் மாட்டிக்கொண்டேன். படிக்கட்டு போதும், கோபுரம் கட்டலாம் என்று ஆசைப்பட்டேன். எழுத்துகள் ஏறிப் போய் மறுபடி இறங்கி வர வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஏறுவதற்கு ஒரு வரி, இறங்குவதற்கு ஒரு வரி எழுதினேன். பொத்தானைத் தொட்டேன்.

AA
ABBA
ABCCBA

அழகாகத்தான் இருந்தது. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒன்பது வருடமாக இடதும் வலதும் சமமாக இருந்தால் கட்டி அனுப்பு, இல்லாவிட்டால் தூக்கிப் போடு என்று பழகியவள் நான். இதை நான் டேபிளில் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜோடி கட்டியிருப்பேன். என் பழைய காலேஜ் புத்தகத்தின் பயிற்சிக் கேள்வியில் கோபுரத்தின் படம் போட்டிருந்தது. அதில் உச்சியில் ஒரே ஒரு A இருந்தது. மூன்றாவது வரி ABCBA. படம்தான் தப்பு என்று இரண்டு நாள் வாதாடினேன். யாரிடம்? என்னிடமேதான்.

பிறகு நடு எழுத்தை எப்படியாவது தூக்கிவிட வேண்டும் என்று, இது வந்தால் விடு, அது வந்தால் விடு என்று விதி மேல் விதியாகப் போட்டேன். மூன்று வரி பதினான்கு வரி ஆனது. ABCBA வந்தது, ஆனால் ABCDக்குப் போனால் நடுவில் மறுபடி DD நின்று இடிந்து விழுந்தது. டெஸ்டுக்கு நான்கு நாள்தான் இருந்தது. கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“இன்னா மேடம் பேஜாரா இருக்கீங்க?” என்றபடி அவளே பையில் கையை விட்டு எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நடுவுல மொத்தையா நிக்குது.”

“அதான்டி எனக்கும் தெரியுதே. ஆனா ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்ல?”

“எதுக்கு இருக்கணும்? இது இன்னா ஜோடியா? ஒரே ஷூடி இது.” விரலால் திரையைத் தொட்டாள். “இந்த A-வையும் B-யையும் நான் சேக்கும்போது இன்னா பண்றேன்? ஒண்ணோட ஓரம் இன்னொண்ணுக்கு அடியில போகும். ரெண்டுலயும் முழு ஓரத்த விட்டா ஷூ பெருசாகிடும், நடுவுல மொத்தையாவும் நிக்கும். சேர்ற இடம் ஒருத்தருக்குதான் சொந்தம். இன்னொருத்தர் அதுக்கு ஒரு படி முன்னாடியே நின்னுடணும்.”

நான் அவள் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினேன். பதினான்கு வரியையும் அழித்தேன். பழைய மூன்று வரியை மறுபடி எழுதி, இறங்குகிற வரியில் ஒன்றைக் கழித்தேன். ஒரே ஒரு ஒன்று.

A
ABA
ABCBA

ABCD, ABCDE என்று இருபத்தாறு எழுத்துக்கும் போனது, எங்கும் இடியவில்லை. நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அவள் மட்டும், “அதான் சொன்னேன்ல” என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், ஆனால் கம்பெனி வாசல் வரும்வரை அந்தக் கோபுரத்தை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டெஸ்ட் நாள் மாடிக்குப் போனேன். பேட்டர்ன் ரூம் சார் தோல் தெரிந்த மனிதர். ஒரு தோலைத் தடவிப் பார்த்து அந்த ஆடு எந்தப் பக்கம் படுத்துத் தூங்கியது என்று சொல்லுவார் என்று கீழே பேசிக்கொள்வார்கள். புரோகிராம் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. அதை அவர் மறைக்கவும் இல்லை. “நெட்ல இன்டர்வியூ கேள்வின்னு போட்டிருந்துச்சும்மா, அதுல ஒண்ணு எடுத்திருக்கேன்” என்று ஒரு காகிதத்தை நீட்டினார். கோபுரம். ஐந்து எழுத்துக்கு.

கீபோர்டை இழுத்தேன். மூன்று நிமிடத்தில் எழுதிவிட்டேன். அவர் திரையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்த வரி மட்டும் ஏன் ஒண்ணு கம்மியா ஆரம்பிக்குது?”

“சேர்ற இடம் ஒருத்தருக்குதான் சார் சொந்தம். இன்னொருத்தர் ஒரு படி முன்னாடியே நின்னுடணும்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு அது புரோகிராம் இல்லை, தோல். “ஆஹா, இது யாரும்மா சொல்லிக் குடுத்தது?”

“நானாதான் சார் யோசிச்சேன்.”

இவ்வளவு சுலபமாக அது வாயில் வந்தது. சொல்லிக் கொடுத்தார்கள் என்று சொன்னால் பழையபடி மனப்பாடம் செய்தவள் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். சீட் போய்விடுமோ, மறுபடி அந்த வாடைக்கே போக வேண்டுமோ என்று பயம். பயம் என்று இப்போது சொல்கிறேன். அந்த நிமிடத்தில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதுதான் இன்னும் அசிங்கம்.

“ஒரு மாசம் இங்க உக்காரு, பாப்போம்,” என்றார். “சரிப்பட்டு வரலேன்னா பழைய டேபிள் இருக்கவே இருக்குது.”

நான் மாடிக்குப் போனேன். ஒரு வாரத்தில் தலைவலி போய்விட்டது. பிள்ளைகள் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள், இந்த அம்மா யார் என்பது போல. பஸ்ஸில் அவள் என்னை விடவில்லை. கம்ப்யூட்டரில் ஷூ எப்படித் தெரிகிறது, தட்டையாகவா உருண்டையாகவா, சைஸ் கூட்டினால் தையல் ஓரமும் கூடுமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். டெஸ்டில் கோபுரம்தான் வந்தது என்று சொன்னபோது கைதட்டினாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சார் வாய்தான் சும்மா இருக்கவில்லை. அந்த வாக்கியம் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. ஒரு நாள் ஏதோ சாம்பிளில் மூக்கில் மொத்தை விழுகிறது என்று க்ளோசிங் செக்‌ஷனுக்கு இறங்கி வந்தார், நானும் லேபிள் கட்டோடு பின்னால் வந்தேன். அவள் மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்று சூப்பர்வைசரிடம் சொன்னார்: “சேர்ற இடம் ஒருத்தருக்குதான் சொந்தம், இன்னொருத்தர் ஒரு படி முன்னாடியே நின்னுடணும். யார் சொன்னது தெரியுமா? இந்தப் பொண்ணு. நம்ம டேபிள்ல இருந்த பொண்ணு!”

மிஷின் நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மிதியை அழுத்தினாள், மிஷின் மறுபடி ஓடியது.

சாயங்காலம் பஸ்ஸில் அவள் வழக்கம்போல என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அதுவே எனக்குத் தாங்கவில்லை.

“அது நான் சொன்னதுல்ல?” என்றாள்.

“ஆமா.”

“நீயா யோசிச்சேன்னு சொல்லிட்டியா?”

“பயமா இருந்துச்சுடி. சீட் போய்டும்னு.” அழுகை வந்தது. “மன்னிச்சிக்கோ” என்றேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கைப்பேசியைக் கேட்கவும் இல்லை. வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். விண்ணமங்கலம் நெருங்கியதும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அவருக்கு அது புரிஞ்சுதா? இல்ல, சும்மா சொல்லிட்டுத் திரியறாரா?”

பஸ் நின்றது.

“நாளைக்கி வர்றேன்” என்று இறங்கிவிட்டாள். எங்கே வருகிறாள் என்று எனக்கு மறுநாள் சாப்பாட்டு வேளையில்தான் தெரிந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, ஏப்ரனில் நூல் பிசிறுகளோடு, பேட்டர்ன் ரூமுக்குள் வந்து நின்றாள். ஒன்பது வருடத்தில் அவள் மாடி ஏறியது அன்றுதான்.

“சார், ஒரு ரெண்டு நிமிஷம்,” என்று சொல்லி, கழிவுத் தோலில் வெட்டிய இரண்டு துண்டுகளை அவர் மேஜைமேல் வைத்தாள். ஒன்றில் சில்வர் பேனாவால் A என்று எழுதியிருந்தது, மற்றதில் B. ஒன்றின் ஓரத்தை மற்றதன் அடியில் தள்ளினாள். “இந்த இடம் A-வோடது. B இங்க வந்து நின்னுடணும்...”

சார் சிரித்தார். “இதத்தாம்மா இந்தப் பொண்ணு எனக்கு அன்னிக்கே சொல்லிடுச்சு.”

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்திருந்தால் ஒருவேளை நான் பேசாமல் இருந்திருப்பேன்.

நான் எழுந்தேன். “இல்ல சார். அவ சொன்னது அது. நானா யோசிச்சேன்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “அப்போ நீ...” என்று ஆரம்பித்தார்.

“சார், அத அப்புறம் பேசிக்கோங்க,” என்றாள் அவள். “நான் இன்னும் முடிக்கல. ரெண்டு துண்டுக்கு இது சரி. மூணு துண்டு ஒரே இடத்துல சேந்தா அந்த இடம் யாருக்கு?” ஏப்ரன் பையிலிருந்து C என்று எழுதிய மூன்றாவது துண்டை எடுத்து வைத்தாள்.

சார் பேச்சை நிறுத்தினார். துண்டைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார். “உக்காரும்மா, உக்காந்து சொல்லு,” என்று பக்கத்தில் இருந்த நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார். அது என் நாற்காலி. நான் நின்றபடியே குனிந்து பார்த்தேன். அந்த மூன்றாவது துண்டைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.